மூன்று இரவு, நான்கு பகல், ஒரு வானம்

புதுச்சேரி ஓய்வூதியர்களிடையே இப்போது ஒரு புது ஆசை பரவி வருகிறது. காசி, கயா போய் வந்தாயிற்று. சிங்கப்பூரும் துபாயும் பார்த்தாயிற்று. பிள்ளைகள் பிரான்சில் இருப்பவர்கள் ஏஃபெல் கோபுரத்தடியில் நின்று எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டியும் ஆயிற்று. அடுத்து என்ன? வடதுருவ ஒளி! மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சுதான். ஒருவர் கைப்பேசியில் பச்சைப் பச்சையாகப் படம் காட்டுகிறார். இன்னொருவர் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரின் வண்ணத் துண்டறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

ஆசையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனக்கே அறுபது வருஷத்து ஆசை அது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு நாள் ‘திக்தே’யில், அதாவது சொல்வதை எழுதுதலில், ‘ஒரோர் பொரெயால்’ என்ற சொல் வந்தது. வேகாத வெயிலில், ஜன்னல் கதவை மூடிக்கொண்டு, பனிப்பிரதேசத்து இரவைப் பற்றி எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தோம். அப்போது பதிந்த சொல். ஆகவே போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. போங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் இப்போது விற்கிறார்களே, அந்த மூன்று இரவுச் சரக்கை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கிராஜுவிட்டிப் பணத்தில் மிச்சம் வைத்திருப்பதைக் கொண்டுபோய் அதில் கொட்டாதீர்கள். இதை உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் முப்பத்தைந்து வருஷம் அரசாங்க எழுத்தர். எத்தனையோ பேருடைய விடுமுறைப் பயணச் சலுகைப் பட்டியல்களைச் சரிபார்த்தவன். ஒரு காகிதம் கையில் கிடைத்தால் முன்பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது என் வழக்கம். நண்பர் கொடுத்த துண்டறிக்கையையும் அப்படித்தான் படித்தேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘வடதுருவ ஒளி தரிசனம் உறுதி’. கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில், ஒளி தெரிவது இயற்கையைப் பொறுத்தது, தெரியாவிட்டால் கட்டணம் திருப்பித் தரப்படாது. ஒரே காகிதத்தின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. இப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் ‘தெளிவுரை கோரப்படுகிறது’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அதற்கப்புறம் நிகழ்ச்சி நிரலை எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டேன். மொத்தம் எட்டு நாள். அதில் விமானத்திலும் விமான நிலையத்திலும் போகிறது இரண்டு நாள். ஹெல்சிங்கியில் ஒரு நாள் ஊர் சுற்றல். ரொவானியெமியில் கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம். அது 1985இல் தொடங்கிய ஒரு சுற்றுலாத் தலம்; பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போனால் குதூகலப்படுவார்கள், நமக்கு அங்கே என்ன வேலை? கண்ணாடிக் கூரை போட்ட குடிலில் ஒரு இரவு. வடக்கே தங்குவது ஆக மொத்தம் மூன்று இரவு. அந்த மூன்றில் இரண்டு இரவு, ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம், வேனில் கூட்டிப்போய் வானத்தைக் காட்டுவார்களாம். இரண்டு மூன்று ஆறு. எட்டு நாள் பயணத்தில் எதற்காகப் போகிறோமோ அதற்கு ஆறு மணி நேரம்! மற்ற நேரமெல்லாம் பெட்டி கட்டுவதும் பெட்டி அவிழ்ப்பதும்தான்.

‘தினமும் இந்திய உணவு உண்டு’ என்று ஒரு வரி. அதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நம் பலவீனம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கணக்கை வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் துணைவியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். “மூணு ராத்திரிக்கா இவ்ளோ காசு? கோயில்ல வேண்டுதல்னாகூட ஒரு மண்டலம் இருக்கச் சொல்றாங்களே” என்றார். நான் சொல்ல நினைத்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மண்டலம் இருந்தவர்களும் உண்டு. 1838இல் பிரெஞ்சு அரசு ‘லா ரெஷெர்ஷ்’ என்ற கப்பலில் ஒரு விஞ்ஞானிகள் குழுவை வடக்கே அனுப்பியது. அதில் லொத்தேன், பிராவே முதலானோர் நார்வேயின் வடகோடியில் ஆல்டாவுக்குப் பக்கத்தில் பொசெகோப் என்ற இடத்தில் முழுக் குளிர்காலமும் தங்கினார்கள். 1838 செப்டம்பரிலிருந்து 1839 ஏப்ரல் வரை 206 நாள். மின்விளக்கு கிடையாது, நைலான் கிடையாது. அத்தனை இரவும் முறை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து, நேரம், திசை, வடிவம் எல்லாவற்றையும் குறித்தார்கள். லொத்தேன் கணக்கில் வந்தவை 143 ஒளிகள். இத்தனைக்கும் அவர்கள் உட்கார்ந்திருந்தது துருவ ஒளி வளையத்துக்கு நேர் கீழே, உலகிலேயே அதற்கு மிகத் தோதான இடங்களில் ஒன்றில். அங்கேயே 206 நாளுக்கு 143 என்றால், நடுவில் எத்தனை இரவு மேகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவர்கள் யாருக்கும் ‘தரிசனம் உறுதி’ என்று எழுதிக் கொடுக்கவில்லை.

உறுதி கொடுக்கவே முடியாத விஷயம் இது. ஏன் என்று கொஞ்சம் பார்ப்போம். சூரியனிலிருந்து ஓயாமல் மின்னூட்டத் துகள்கள் புறப்படுகின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றைத் தடுத்துத் திருப்பிவிடுகிறது. அந்த மோதலில் காந்தப்புலத்தில் சேரும் ஆற்றல் துருவப் பக்கம் துகள்களைக் காற்றுமண்டலத்துக்குள் இறக்குகிறது. தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலே அவை ஆக்சிஜன் மீது மோதினால் பச்சை. இன்னும் உயரத்தில், 200 கிலோமீட்டருக்கு மேலே, அதே ஆக்சிஜன் சிவப்பு. காந்தத்தை வைத்து இதைச் செயற்கையாகச் செய்து காட்டியவர் நார்வேக்காரரான பிர்கெலாண்ட். அவருக்காக 1899இல் கட்டப்பட்ட ஆய்வகம் ஆல்டாவுக்கு மேலே ஹால்டே மலையுச்சியில் இன்றும் இருக்கிறது. சூரியனுக்கும் இந்த ஒளிக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று அதற்கும் முன்னே, 1733லேயே, தோர்த்தூ தெ மெரான் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் சொன்ன காரணம் தவறு, ஆனால் கை நீட்டிய திசை சரி. (நம் பள்ளியில் இவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. லூயி மன்னர்களின் வரிசையைத்தான் மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.)

வருகிற சூரியக் காற்றை அளக்கப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி விண்கலங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். துகள் கூட்டம் அந்த இடத்தைத் தாண்டிப் பூமிக்கு வந்து சேர ஒரு மணி நேரம் போல ஆகும். அதாவது நம்பகமான எச்சரிக்கை கிடைப்பதே ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான். அதற்கு முன்னால் சொல்வதெல்லாம் ஓரளவு ஊகம். உலக விஞ்ஞானிகளுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். நம் ஊர் ஏற்பாட்டாளர் ஆறு மாதம் முன்னாலேயே உறுதி சொல்லி முன்பணம் வாங்குகிறார்!

சூரியன் கொடுத்தாலும் மேகம் மறைத்துவிடும். உண்மையான எதிரி மேகம்தான். ஒளி எரிவது 100 கிலோமீட்டர் உயரத்தில், மேகம் நிற்பது பத்துக்கும் கீழே. ஒரு பேச்சுக்கு, மூன்று இரவில் ஒரு இரவு வானம் தெளிவாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவு தங்குபவர் மூன்றிலும் ஏமாற வாய்ப்பு இருபத்தேழில் எட்டு. நூற்றுக்கு முப்பது பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். பத்து இரவு தங்கினால்? நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மேகம் வந்தால் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் நிற்கும் என்பதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்பதில் சந்தேகமே இல்லை.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆபீஸ் போகிறவனுக்கு எட்டு நாள் விடுப்புக்கு மேல் கிடைக்காது. பள்ளிப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் அரைப் பரீட்சை லீவில்தான் போக முடியும். அவர்களுக்காகத் தைத்த சட்டை இந்தத் திட்டம். அதை எடுத்து நமக்கும் மாட்டிவிடுகிறார்கள். நமக்கு எதற்கு டிசம்பர்? நமக்கு எதற்கு எட்டு நாள்? நம்மிடம் பணம் குறைவு, முழங்கால் பலம் குறைவு, கண்பார்வை குறைவு. ஏராளமாக இருப்பது நேரம் ஒன்றுதான். இந்த ஒளிக்குக் கொடுக்க வேண்டிய விலையும் நேரம்தான். கையில் இருக்கும் அந்த ஒரே செல்வத்தை வீட்டில் விட்டுவிட்டு, இல்லாத பணத்தை அள்ளிக் கொடுத்து, மூன்று இரவு வாங்கி வருவது என்ன நியாயம்?

டிசம்பரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். திரோம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. நண்பகலில் சில மணி நேரம் நீல நிற வெளிச்சம், அவ்வளவுதான். இருட்டு நிறைய இருக்கும் என்பது உண்மை. ஆனால் நம் வயதில் புது ஊரில், வழுக்கும் பனிப்பாதையில், நாள் முழுக்க இருட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் அங்கே பத்து மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. பனி வெயிலில் மின்னும், காலாற நடக்கலாம். மாலை ஏழரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். விடிகாலை நாலரை வரை இருட்டு. ஒன்பது மணி நேரம் போதாதா? இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டித் துருவ ஒளியின் வேகம் சற்றுக் கூடுகிறது என்பது பல வருஷக் கணக்குகளில் தெரிந்த உண்மை. இத்தனை இருந்தும் டிசம்பரையே விற்கிறார்கள். காரணம் பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ் அலங்காரம், சீசன் விலை.

அடுத்த பயமுறுத்தல், ‘இப்போது விட்டால் பதினோரு வருஷம் ஆகும்’ என்பது. சூரியனுக்குப் பதினோரு ஆண்டுச் சுழற்சி உண்டு, அதன் உச்ச கட்டத்தை அடைந்துவிட்டது என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது, எல்லாம் சரி. அந்த உண்மையை வைத்துக்கொண்டு எழுபது வயதுக்காரனிடம் வந்து, ‘அய்யா, அடுத்த சுற்று வரும்போது...’ என்று வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்துகிறார்களே, அதுதான் அசிங்கம். உச்ச காலத்துப் புயல்கள் ஒளியைத் தெற்கே தள்ளும். லண்டன்காரனும் பாரீஸ்காரனும் வீட்டு மொட்டை மாடியில் பார்ப்பார்கள். ஆல்டாவும் திரோம்சோவும் எப்போதும் வளையத்துக்கு அடியிலேயே இருக்கும் ஊர்கள். அங்கே அமைதியான ஆண்டிலும் ஒளி வரும். போதாததற்கு, உச்சம் தாண்டி இறங்கும் வருஷங்களில் சூரியனின் கொரோனாத் துளைகளிலிருந்து வேகக் காற்று கிளம்பி, 27 நாளுக்கு ஒரு தடவை சுற்றிச் சுற்றி வந்து ஒளியைத் தூண்டும். அவசரம் விற்பவனுக்குத்தான்.

எங்கள் நடைக் கூட்டத்தில் ஒருவர் எதிர்க்கட்சி. “லடாக்கிலேயே தெரிந்ததாமே, நார்வே எதற்கு?” என்கிறார். 2024 மே மாதம் பெரிய சூரியப் புயல் வந்தபோது லடாக்கில் ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் செந்நிற ஒளி பதிவானது உண்மை. அடிவானத்தை ஒட்டிய ஒரு சிவப்புச் சாயல் அது. அப்படிப்பட்ட புயல் இன்னொன்று எப்போது வரும் என்று காத்துக்கொண்டு ஹான்லேயின் உயரத்தில், 4,500 மீட்டரில், மூச்சுத் திணற உட்கார்ந்திருக்க நான் தயாரில்லை. இன்னொருவர், “யூடியூபில் பார்த்துவிட்டேன், அது போதும்” என்கிறார். அவரோடு எனக்கு வாதம் இல்லை. மாசி மகத்தையும் அவர் யூடியூபிலேயே பார்க்கட்டும்.

ஆனால் அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் ஏமாற்றத்தின் ஆணிவேர் அதில் இருக்கிறது. கேமரா பல வினாடி கண்ணைத் திறந்து வைத்து ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது. மனிதக் கண்ணுக்கு அந்த வசதி இல்லை. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்கிற பார்வை அணுக்களுக்கு நிறம் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால் மெலிந்த ஒளி கண்ணுக்குச் சாம்பல் நிற மேகம் போலத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் கைப்பேசியில் மட்டும் பச்சையாகப் பதியும். வலுத்து ஆடும்போது பச்சையும், கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பும் வெறுங்கண்ணுக்கே தெரியும். அதற்காகத்தான் பல இரவு காத்திருக்க வேண்டும் என்கிறேன். வயதானால் கண்மணி இருட்டில் முன்போல விரிவதில்லை. கண்புரை இருந்தால் இன்னும் மங்கல். புரை முற்றட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, வெள்ளித்திரை போட்ட கண்ணோடு லட்சக்கணக்கில் செலவழித்து வானம் பார்க்கப் போகிறவர்கள் நம்மிடையே இரண்டு பேர் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, படித்தால் அவர்களுக்கே தெரியும். முதலில் கண் டாக்டர், அப்புறம் விமான டிக்கெட். அங்கே போனபின் இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும். நடுவில் ஒரு தடவை கைப்பேசியைப் பார்த்தால் திரும்பவும் முதலிலிருந்து.

சந்திரனும் முக்கியம். பௌர்ணமி வெளிச்சத்தில் மெல்லிய ஒளி கரைந்துபோகும். அமாவாசையை ஒட்டி நாள் குறிப்பதற்கு எந்தச் செயலியும் வேண்டாம், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். 2027இல் மாசி அமாவாசை மார்ச் 8, திங்கட்கிழமை. அதை நடுவில் வைத்து முன்னும் பின்னும் ஐந்தைந்து இரவு. என் நாளை நான் அப்படித்தான் குறித்திருக்கிறேன்.

என் மகள் பிரான்சிலிருந்து தொலைபேசியில் சண்டை போட்டாள். “அப்பா, உங்க வயசுக்கு குரூப்போட போறதுதான் சேஃப். வழியில ஏதாவது ஒண்ணுன்னா யார் பாப்பாங்க?” அக்கறையில் கேட்கிறாள், தெரிகிறது. ஆனால் குரூப்பில் நடப்பதைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு வேனில் ஏற்றுவார்கள். மேகம் இல்லாத இடம் தேடி ஸ்கிபோத்தன் பள்ளத்தாக்கு, ஃபின்லாந்து எல்லை என்று இரண்டு மணி நேரம்கூட ஓடுவார்கள். திரும்ப நள்ளிரவு தாண்டும். இந்த ஆறேழு மணி நேரத்தில் கழிப்பறை எங்கே? குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும், அதிலும் நம் வயது ஆண்களின் நிலைமை எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும். துண்டறிக்கையின் பன்னிரண்டு பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை! விளக்கில்லாத ஓரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினால் வாசலில் பத்து நிமிஷம் நின்று பார்க்கலாம், உள்ளே வரலாம், காபி குடிக்கலாம், மறுபடி போகலாம். இரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்களுக்குக் குளிரில் நெடுநேரம் நிற்பது ஆகாது. வாசலும் கதவும் பக்கத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு. இன்சுலின் போடுகிறவர்கள் அதை உறையவிடக் கூடாது. வெளியே போகும்போது உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். இதையெல்லாம் குரூப் தலைவர் பார்த்துக்கொள்ள மாட்டார். அவர் நாற்பது பேரை எண்ணிக்கொண்டிருப்பார்.

குளிரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். கடலோர ஊர்களில் வளைகுடா நீரோட்டத்தின் புண்ணியத்தில் அவ்வளவு மோசம் இல்லை. திரோம்சோவில் ஜனவரிச் சராசரி பூஜ்ஜியத்துக்குக் கீழே நாலைந்து டிகிரிதான். உள்நாட்டில் கௌதொகெய்னோ பக்கம் போனால் முப்பதுக்குக் கீழும் இறங்கும். பருத்தி உள்ளாடை கூடாது, வியர்வை நனைந்து அப்படியே சில்லிட்டுவிடும். உடம்பை ஒட்டிக் கம்பளி, அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் காற்றுப் புகாத கோட்டு. இவ்வளவுதான். நமக்கு உண்மையான ஆபத்து குளிரில் இல்லை, வழுக்கலில் இருக்கிறது. காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை அந்த ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. அங்குள்ள கிழவிகளே அதை மாட்டிக்கொண்டுதான் காய்கறி வாங்கப் போகிறார்களாம். இடுப்பெலும்பு முறிந்தால் எந்த ஒளியும் உதவாது. நான் முதல் நாள் முதல் வேலையாக அதைத்தான் வாங்கப்போகிறேன்.

கண்ணாடிக் குடில் வேண்டாம். ஒரே இரவுக்கு வாங்கும் தொகையில் சமையலறையோடு கூடிய சாதாரண அறையில் பல இரவு தங்கலாம். மேகம் மூடினால் கண்ணாடி வழியாகத் தெரிவதும் மேகம்தான். நார்வேயில் ஓட்டல் சாப்பாடு விலை கேட்டால் பசியே போய்விடும். ஆகவே அரிசியை அங்கே வாங்கிக்கொள்வது. பருப்புப் பொடி, வத்தக்குழம்புப் பொடி, ஊறுகாய் இங்கிருந்து. மற்றவர்கள் அறுபத்தொன்பது டிகிரி வடக்கே தண்ணீர்ச் சாம்பாருக்குக் காசு கொடுக்கட்டும்.

வானிலைக்கு ‘யர்’ என்ற செயலி. நார்வே வானிலை நிறுவனமும் அந்நாட்டு ஒலிபரப்புக் கழகமும் சேர்ந்து நடத்துவது, இலவசம். அதில் மேகத்தை மட்டும் பாருங்கள். காந்தச் சலனத்துக்குச் சைபரிலிருந்து ஒன்பது வரை ஒரு குறியீடு போடுகிறார்கள். ‘இன்றைக்கு இரண்டுதான்’ என்று சொல்லி உங்களைத் தூங்க அனுப்பினால் நம்பாதீர்கள். வளையத்துக்கு அடியில் இருக்கும் ஊருக்கு ஒன்று, இரண்டே போதும்.

நான் ஆல்டாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கேட்கிறார்கள். திரோம்சோவை விட வறண்ட வானம், கூட்டம் குறைவு. பிர்கெலாண்டின் ஆய்வகத்தை அங்கே கட்டியதும் வானத்துக்காகத்தான். பொசெகோப் இன்று அந்த ஊரின் ஒரு பகுதி. லொத்தேன் நின்ற இடத்தருகே போய் நிற்க வேண்டும் என்பது பிரெஞ்சுப் பள்ளிப் பையனின் சொந்த ஆசை. பகலில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பாறைச் செதுக்கல்கள் மார்ச்சில் பனிக்கு அடியில்தான் இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. மார்ச்சில் ஆல்டாவிலிருந்து பெரிய நாய்வண்டி ஓட்டப் பந்தயம் ஒன்று கிளம்பும். அதை ஒட்டி அறை கிடைப்பது கஷ்டம். இப்போதே சொல்லி வைக்க வேண்டும். கடைசி இரண்டு இரவு மட்டும் திரோம்சோ. பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிற ஊர் என்று சொல்லி மகளைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

விசா விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் குழம்புகிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பத்தாருக்குக் கவலையில்லை. என்னைப் போல இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை வீட்டில் ஒரு மாதம், நார்வேயில் பத்து நாள் என்றால் பிரான்சிடம்தான் கேட்க வேண்டும், நார்வேயிடம் அல்ல. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று, மறுபடியும் சொல்கிறேன், கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்.

நாங்கள் இப்போதைக்கு நாலு பேர். நானும் துணைவியாரும், பழைய அலுவலக நண்பரும் அவர் மனைவியும். பார்த்திருக்கும் வீட்டில் மூன்று அறை. இன்னொரு தம்பதிக்கு இடம் இருக்கிறது. பத்து இரவும் தங்கச் சம்மதிப்பவர்களாக, இரவு இரண்டு மணிக்கு எழுப்பினால் திட்டாதவர்களாக இருந்தால் போதும். சமையலும் வானக் காவலும் முறை வைத்து. விருப்பமுள்ளவர்கள் ஆவணி முடிவதற்குள் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம்தான் இருப்பேன்.